இரண்டாவது ஸ்லாட்

“மறுபடியும் நின்னுடுச்சா?”

“நிக்கலைங்க. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.”

“சுத்தினா ஓடுதுன்னுதானே அர்த்தம்?”

“உங்க ஃபேக்டரியில வேணா அப்படி இருக்கலாம். இங்க சுத்தினா நின்னுபோச்சுன்னு அர்த்தம்.”

ரெங்கராஜ் காபி டம்ளருடன் வந்து மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். மணப்பெண் பாதி முகத்தோடு நின்றிருந்தாள். மீதிப் பாதி இன்னும் வரவில்லை.

ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் தெரு மாடிவீட்டின் முன்னறைதான் உமாமகேஸ்வரியின் ஆபீஸ். கல்யாண ஆல்பம் வடிவமைப்பது அவள் தொழில். போட்டோகிராபர்கள் எடுத்துக் கொடுக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் தேறுவதைப் பொறுக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, அச்சுக்கு அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அவள் கை பட்ட ஆல்பங்கள் முசிறியிலிருந்து மருங்காபுரி வரைக்கும் பீரோக்களில் இருக்கின்றன. ரெங்கராஜுக்குத் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் மெயின்டனன்ஸ் வேலை. இந்த வாரம் இரண்டாவது ஷிஃப்ட், அதனால் காலையில் வீட்டில் இருந்தார்.

போன் அடித்தது. பாலக்கரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் முஜிபுர் ரஹ்மான்.

“உமாம்மா, எத்தனை பக்கம் முடிஞ்சுது?”

“முப்பது தாண்டிட்டேன் பாய்.”

“எண்பதுக்கு முப்பதா? இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைம்மா.”

“சிஸ்டம் மக்கர் பண்ணுது பாய். ஒரு பக்கம் திறக்க கால் மணி நேரம் ஆகுது. உங்க ஸ்டுடியோவுக்கு வந்து பண்ணட்டுமா?”

“இங்க இருக்கிறது உங்களோடதைவிடக் கிழவி. அதுலயும் ரெண்டு கல்யாணம் ஓடிக்கிட்டிருக்கு.” பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வேற யாரோட ஆல்பமா இருந்தாலும் நான் இப்படி நச்சரிக்க மாட்டேன். எம் பொண்ணோடது. வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஃபைல் லேபுக்குப் போனாத்தான் வெள்ளிக்கிழமை பிரிண்டு, பைண்டிங்கு. சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைங்களுக்கு ஷார்ஜா ஃப்ளைட்டு. மாப்பிள்ளை வசீமோட அத்தாவுக்கு அங்க லீவு கிடைக்கலைன்னு சொன்னேன்ல? பெத்த மகன் நிக்காஹை மனுஷன் போன்லதான் பார்த்தாரு. அதுவும் பாதியில நெட்டு போயிடுச்சு. இறங்கின உடனே அவர் கையில ஆல்பத்தைக் கொடுக்கணும்னு இன்ஷா ஒத்தைக் கால்ல நிக்கிறா.”

“வியாழக்கிழமை நாலு மணிக்கே கொடுத்திடறேன் பாய்.”

போனை வைத்தபின் ரெங்கராஜ் கேட்டார்: “எப்படிக் கொடுப்பே?”

“தெரியலை. ஹரியைக் கேட்கிறேன்.”

ஹரிபிரசாத் அவள் தம்பி, பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் அவனைத்தான் கேட்பார்கள்.

“அக்கா, டாஸ்க் மேனேஜர் திற. மெமரின்னு இருக்கா? எத்தனை சதவீதம்?”

“தொண்ணூத்தேழு.”

“அப்ப ரேம் பத்தலை. வேற ஒண்ணும் இல்லை.”

“ரேம்னா இந்தப் படமெல்லாம் இருக்கிற இடமாடா?” என்று ரெங்கராஜ் குனிந்து கேட்டார்.

“அது ஹார்டு டிஸ்க், அத்தான். அது ஸ்டோர் ரூம். ரேம்ங்கிறது பந்தி. எத்தனை இலை விழுதோ அத்தனை பேர்தான் உட்காரலாம். அக்கா நூறு பேரைக் கூப்பிட்டுட்டு எட்டு இலை போட்டிருக்கா.”

“அப்ப இன்னும் எட்டு இலை போட்டுட்டா?”

“போடலாம். ஆனா என்ன இலைன்னு பார்த்துதான் போடணும்.”

அந்த ‘ஆனா’வில்தான் குழப்பம் ஆரம்பித்தது.

ரெங்கராஜ் சிபியுவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ரேம் ஸ்டிக்கில் ஒட்டியிருந்த சீட்டைப் போனில் படம் எடுத்துக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு இருவரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பஸ்ஸில் போய், சாலை ரோட்டில் தைரியராஜின் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று.

தைரியராஜ் லால்குடியிலிருந்து தினமும் ட்ரெயினில் வந்து கடை திறப்பவர். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“டிடிஆர் ஃபோர். எட்டு ஜிபி. ஒரே ஸ்டிக். போர்டுல ஸ்டிக் சொருக எத்தனை ஸ்லாட்டு மேடம்?”

“ரெண்டு. ஒண்ணு காலி” என்றார் ரெங்கராஜ்.

“அப்ப ஈஸி. காலியா இருக்கிறதுல இன்னொரு எட்டு போட்டுக்குங்க. பதினாறு ஆயிடும்.”

“அதுதான் நல்லதா?” என்று கேட்டாள் உமா. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

“அதுவும் நல்லது. இல்ல, பழசைத் தூக்கிட்டு ஒரே ஸ்டிக்கா பதினாறு போட்டுட்டா, ஒரு ஸ்லாட்டு பின்னாடி வேணுங்கிறப்போ இருக்கும். இல்ல, பழைய எட்டோட புதுப் பதினாறைச் சேர்த்தீங்கன்னா இருபத்துநாலு. இல்ல, எட்டும் எட்டும் ஒரே கம்பெனியில ஜோடியா வாங்கிட்டுப் பழசை எங்கிட்டயே கொடுத்திடலாம்.”

“இதுல எதுங்க நல்லது?”

“எல்லாமே நல்லதுதான் மேடம். உங்க யூசேஜைப் பொறுத்தது.”

“ஆல்பம் பண்றேன்.”

“அதுக்கு எல்லாமே நல்லது.”

உமா தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, பழசோட ஸ்பீடு என்னன்னு கேளு.”

“ரெண்டாயிரத்து நானூறு சார்” என்று தைரியராஜ் போனைப் பார்த்துச் சொன்னார். “எங்கிட்ட இப்ப இருக்கிறது முப்பத்திரண்டு நூறு.”

“ரெண்டையும் சேர்த்தா ஓடுமா?”

“ஓடும் சார். வேகமா இருக்கிறது மெதுவா இருக்கிறதோட சேர்ந்து மெதுவா ஓடும்.”

“எங்க யூனியன் மாதிரி” என்றார் ரெங்கராஜ். யாரும் சிரிக்கவில்லை. அவர் தொடர்ந்தார்: “ஹரி, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. பேரிங் மாத்தறப்போ ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாத்துவோம். ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னு போட்டா ஷாஃப்ட்டைத் தின்னுடும். ஜோடியா வாங்கிறதுதான் முறை.”

“அத்தான், இதுல ஷாஃப்ட்டே கிடையாது.”

“எதுலயாவது ஒரு ஷாஃப்ட்டு இருக்கும்டா.”

“ஜோடி நல்லதுதான், ஆனா காரணம் வேற. டூயல் சேனல். ரெண்டு ஸ்லாட்டுலயும் இருந்தா டேட்டா ரெண்டு வழியிலயும் போகும்.”

“அப்ப ஒரே ஸ்டிக்கா பதினாறு வேணாம்ங்கிறே?”

“வேணாம்னு சொல்லலை. பின்னாடி இன்னொரு பதினாறு போடறதா இருந்தா அது நல்லது.”

“பின்னாடி இல்லைடா. எனக்கு வியாழக்கிழமைக்குள்ள வேணும்” என்றாள் உமா.

தைரியராஜ் மேசையில் விரலால் தட்டினார். “சீக்கிரம் முடிவு பண்ணிக்குங்க மேடம். ரேமுக்கு இப்பக் காலையில ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. நகைக்கடையிலயாவது போர்டுல எழுதிப் போடறாங்க.”

எது குறைவான குழப்பம் என்று பார்த்து, காலி ஸ்லாட்டுக்கு ஒரு எட்டு ஜிபி ஸ்டிக் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

வீட்டில் ரெங்கராஜே மாட்டினார். ஃபேக்டரியில் ஐந்து டன் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவருக்கு இது விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. இரண்டு பெருவிரலாலும் அழுத்தினார். போகவில்லை. இன்னும் அழுத்தினார். ‘டக்’ என்றது.

“உட்கார்ந்துடுச்சு.”

கம்ப்யூட்டர் பதினாறு என்று காட்டியது. உமா முகத்தில் இரண்டு நாளாக இல்லாத வெளிச்சம். பக்கங்கள் மளமளவென்று திறந்தன. ரெங்கராஜ் ஷிஃப்டுக்குக் கிளம்பினார். நாற்பத்தைந்தாவது பக்கத்தை முடித்துச் சேமித்துவிட்டு, சரிபார்க்க மறுபடி திறந்தாள்.

இன்ஷாவின் கன்னத்தில், மருதாணிக் கைக்கு மேலே, ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை. நெற்றியிலிருந்து தோள்வரை படத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். பட்டை போகவில்லை. மூல போட்டோவைத் திறந்தாள். அதில் பட்டை இல்லை. ஆல்பத்தின் பக்கத்தில்தான் இருந்தது. கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டாள். இப்போது பதினாறு இல்லை, எட்டு என்றது. இன்னொரு தரம் நிறுத்திப் போட்டாள். திரை இருட்டாகவே இருக்க, உள்ளிருந்து பீப், பீப், பீப் என்று மூன்று சத்தம்.

“ஹரி, அழுவுதுடா.”

“யாரு?”

“கம்ப்யூட்டர்.”

“ஸ்பீடு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன். பயாஸ்குள்ள போய்...”

“அதுக்குள்ள எல்லாம் நான் போக மாட்டேன்.”

ரெங்கராஜுக்கு போன் செய்தால், பின்னணியில் கிரைண்டிங் சத்தத்தோடு, “நான்தான் சொன்னேனே, ஜோடி இல்லைன்னு” என்றார். தைரியராஜுக்குப் போட்டால், “ஸ்டிக்கைக் கழட்டி, அந்தத் தங்கக் கலர் பல்லு இருக்கில்ல, அதைப் பென்சில் ரப்பரால தேய்ச்சுப் போடுங்க மேடம்” என்றார். தேய்த்துப் போட்டாள். பதினாறு என்றது. பத்து நிமிஷத்தில் நின்றது. மறுபடி தேய்த்தாள். எட்டு என்றது. புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்தாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

வட்டத்தோடு வட்டமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இரண்டு பக்கம் முடித்தாள்.

புதன்கிழமை காலையில் சிபியுவைப் பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். மாம்பழச்சாலை சிக்னலில் வண்டி நின்றபோது ஆட்டோக்காரர் மருதை திரும்பிப் பார்த்தார்.

“உடம்புக்கு என்னங்கம்மா?”

“ஞாபகம் பத்தலையாம்” என்றார் ரெங்கராஜ்.

“சும்மா இருங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு நான் பாய்க்கு என்ன பதில் சொல்றது? கன்னத்துல கோடு போட்ட ஆல்பத்தையா வசீமோட அத்தா கையில கொடுக்கச் சொல்றது?”

கடையில் தைரியராஜ் முதலில் புதிய ஸ்டிக்கைத் தன்னுடைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஓடியது. பழைய ஸ்டிக்கையும் போட்டுப் பார்த்தார். அதுவும் ஓடியது. இரண்டையும் சேர்த்துப் போட்டார். இரண்டும் சேர்ந்து ஓடின.

“ஸ்பீடு பிரச்சினையும் இல்லை, ஜோடிப் பிரச்சினையும் இல்லை. அப்ப என்ன?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, சிபியுவைப் படுக்க வைத்து, டேபிள் விளக்கை உள்ளே திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். மோந்து பார்த்தார்.

“சார், இதுக்குள்ள சந்தனம் இருக்கு.”

“எதுக்குள்ள?”

“ரெண்டாவது ஸ்லாட்டுக்குள்ள. காய்ஞ்சு கெட்டியா உட்கார்ந்திருக்கு. நல்ல சந்தனம் சார், பாக்கெட் சந்தனம் இல்லை. உரைச்சது.”

உமா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். ரெங்கராஜ் கடைக்கு வெளியே போகும் பஸ்ஸைப் பார்த்தார்.

“என்னங்க.”

“ஆயுத பூஜைக்கு வெச்சது.”

“ஆயுத பூஜைக்குச் சிபியு மேல நான்தானே பொட்டு வெச்சேன்?”

“நீ மேல வெச்சே. அன்னிக்குக் காலையில ப்ளோயர் கொண்டாந்து உள்ளே தூசி அடிச்சேன்ல? அப்ப மூடி திறந்து இருந்துச்சு. சரி, உள்ளேயும் வெச்சிடலாம்னு...”

“எங்கெங்க வெச்சீங்க?”

“ஃபேனுக்கு ஒண்ணு. கரண்ட் வர்ற பெட்டிக்கு ஒண்ணு. காலியா இருந்த இதுக்கு முதல்ல.”

“காலியா இருந்ததுக்கு எதுக்குங்க?”

“எங்க யூனிட்ல அப்படித்தான்” என்றார் அவர், குரலில் கொஞ்சம் ரோஷத்துடன். “ஓடாம நிக்கிற மெஷினுக்குத்தான் முதல் பொட்டு. ஓடறது தன்னால ஓடிடும். நிக்கிறதை விட்டுட்டா அடுத்த வருஷமும் நிக்கும். அங்க ஒரு பிரஸ் மூணு வருஷமா சும்மா கிடக்கு, அதுக்கு மாலையே போடறோம்.”

“குங்குமம் வெச்சீங்களா சார்?” என்று தைரியராஜ் மரியாதையாகக் கேட்டார்.

“நடுவுல ஒரு புள்ளி.”

உமாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

தைரியராஜ் ஸ்பிரிட் விட்டு, பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். வெள்ளைத் துணி மஞ்சளாயிற்று. கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“சந்தனம் போயிடுச்சு. ஆனா அது இருக்கும்போதே ஸ்டிக்கை அழுத்தியிருக்கீங்க. ரெண்டு பின்னு படுத்திருக்கு. நிமிர்த்தி விட்டிருக்கேன்.”

இரண்டு ஸ்டிக்கையும் மாட்டி ஆன் செய்தார். பதினாறு.

“பாரு, சரியாயிடுச்சு!” என்றார் ரெங்கராஜ். அரை மணி நேரமாக இறங்கியிருந்த தோள் நிமிர்ந்தது.

“சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன் சார். இப்பக் காட்டுது. அவ்வளவுதான் சொல்லலாம்.”

“வேற என்ன செய்யலாம்?” உமா கேட்டாள்.

“அந்த ஸ்லாட்டை மறந்துட்டு, முதல் ஸ்லாட்டுல ஒரே ஸ்டிக்கா பதினாறு போடலாம். ஒண்ணே ஒண்ணு இருக்கு. வேறொருத்தருக்கு எடுத்து வெச்சது, அவர் அடுத்த வாரம்தான் வருவார். இந்த எட்டை ரிட்டர்ன் எடுத்துக்கிறேன். மேற்கொண்டு கொடுத்தாப் போதும். இல்ல, போர்டையே மாத்தலாம். இந்த மாடல் போர்டு இப்ப வர்றதில்லை. புதுப் போர்டுன்னா டிடிஆர் ஃபைவ், அப்ப ப்ராசசரும்...”

“போதும், போதும்.”

ஹரி போனில் வந்தான். விஷயத்தைக் கேட்டு ஒரு நிமிஷம் சிரித்துவிட்டுச் சொன்னான்: “அக்கா, ஒரே ஸ்டிக்குன்னா டூயல் சேனல் போயிடும். வேகம் குறையும். அதான் இப்பப் பதினாறு காட்டுதே, அதையே வெச்சுக்கோ.”

“ஆமாம் உமா. நான் இனிமே அதைத் தொடவே மாட்டேன்” என்றார் ரெங்கராஜ். “எதுக்கு இன்னொரு செலவு? ரெண்டும் நல்லா இருக்கு, ஸ்லாட்டும் சுத்தமாயிடுச்சு.”

எல்லாரும் சொல்வது சரியாகத்தான் இருந்தது. நேற்றும் எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள். உமா திரையில் இருந்த பதினாறு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மத்தியானமும் இதே பதினாறுதான் காட்டியது. அதை நம்பித்தான் நாற்பத்தைந்தாவது பக்கத்தைச் சேமித்தாள்.

“தைரியராஜ் சார், நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். எது வேகம்னு கேட்கலை. எது நல்லதுன்னும் கேட்கலை. கெட்டுப்போச்சுன்னா எதுல எனக்கு உடனே தெரியும்?”

தைரியராஜ் பேனாவை மூடினார். இதுவரைக்கும் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது.

“ஒரே ஸ்டிக்கு, நல்ல ஸ்லாட்டு. அதுல ஏதாவது ஆச்சுன்னா பெரும்பாலும் மெஷினே ஆன் ஆகாது. தெரிஞ்சிடும். ரெண்டாவது ஸ்லாட்டு ஆட்டம் காட்டினா, மெஷின் பாட்டுக்கு ஓடும். எந்தப் பக்கத்துல எங்க கோடு விழுந்துச்சுன்னு நீங்கதான் தேடணும்.”

“எண்பது பக்கத்துலயும் ஐந்நூறு முகம் இருக்கு சார். அதுல ஒரு கோட்டை நான் விட்டுட்டேன்னா ஷார்ஜாவுலதான் கண்டுபிடிப்பாங்க.” அவள் எழுந்துகொண்டாள். “ஒரே ஸ்டிக்கு போடுங்க.”

“அக்கா, டூயல் சேன...”

“ஹரி, வெச்சிடறேன்டா.”

“உமா, நல்லா யோசிச்சு...”

“நீங்க ஆட்டோவைக் கூப்பிடுங்க.”

புதன்கிழமை முழுக்கவும் வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் அவள் நாற்காலியை விட்டு எழுந்ததே குறைவு. பக்கங்கள் திறந்தன. செவ்வாய்க்கிழமை அளவுக்கு மளமளவென்று இல்லை, ஆனால் திறந்தன. செவ்வாய்க்கிழமை இரண்டு ஸ்டிக்கும் இருந்த நேரத்தில் சேமித்த பத்துப் பன்னிரண்டு பக்கங்களையும் தூக்கிப் போட்டுவிட்டு, அவற்றை மறுபடி செய்தாள். ரெங்கராஜ் ஒரு நாள் லீவு போட்டுச் சமைத்தார். சிபியு இருந்த பக்கம் போகும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

நாலு மணி என்று சொல்லியிருந்தாள். நாலே முக்காலுக்குக் கடைசிப் பக்கம் நெட்டில் ஏறியது. லேபுக்கு ஒரு பிரதி, பாய்க்கு ஒரு பிரதி. ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் பாய் கூப்பிட்டார்.

“வந்துடுச்சு உமாம்மா. மாஷா அல்லாஹ். எண்பதும் வந்துடுச்சு. லேப்ல இருந்தும் போன் பண்ணிட்டாங்க, நாளைக்குச் சாயங்காலம் கையில கிடைச்சிடும்.”

“எதுலயாவது கோடு இருக்கான்னு பாருங்க பாய்.”

“ஒண்ணும் இல்லைம்மா. அப்படி என்னதான் பண்ணீங்க?”

“ஒண்ணு இருந்துச்சு பாய், அது பத்தலைன்னு ரெண்டாக்கினோம். ரெண்டானதும் எட்டுங்குது, பதினாறுங்குது. அப்புறம் ரெண்டையும் எடுத்துட்டு ஒண்ணு போட்டோம். அந்த ஒண்ணு இந்த ரெண்டுக்குச் சமமாம், ஆனா வேகம் குறைச்சலாம், ஆனா அதுதான்...” அவள் நிறுத்திக்கொண்டாள். “எனக்கே புரியலை பாய்.”

“எனக்கும் வேணாம்மா. நான் இன்ஷாகிட்ட காட்டணும்.”

பாய் போனை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. கட் பண்ண மறந்துவிட்டார்.

“இன்ஷா! ஏம்மா, இங்க வா, வந்துடுச்சு. வசீமையும் கூப்பிடு.”

“தள்ளுங்க அத்தா, மறைக்குது. ஐயோ, இது யாரு, நானா?”

“நீதான்.”

“என் முகம் இவ்வளவு உருண்டையாவா இருக்கு?”

“அன்னிக்குச் சாப்பிட்ட பிரியாணிக்கு வேற எப்படி இருக்கும்?” என்றது ஓர் ஆண்குரல். வசீமாக இருக்க வேண்டும்.

“அத்தா, இவரைப் பாருங்க அத்தா!”

ரெங்கராஜ் கிசுகிசுத்தார்: “கட் பண்ணு உமா. அவங்க வீட்டுப் பேச்சு.”

“இருங்க” என்றாள் உமா, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு. “நிக்காஹ் பக்கத்துக்கு அவங்க இன்னும் வரலை.”